பூஜைக்குப் போன கம்ப்யூட்டர்

பரீட்சையில் தோற்கிறவனுக்கு அந்தக் காலத்தில் ஒரு பெரிய சலுகை இருந்தது. அவகாசம். எழுதி முடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் பேப்பரில் நம்பர் வரும். (வராது என்பது வேறு விஷயம்.) அதற்குள் கேள்வித்தாளைக் குறை சொல்லலாம், திருத்தியவரைக் குறை சொல்லலாம், அன்றைக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம் இருந்ததாக ஒரு வதந்தியைக் கிளப்பலாம். எதுவும் எடுபடாவிட்டால் சேலத்து மாமா வீட்டுக்குப் போய்விடலாம். பள்ளிக்கூடம் முதல் டிப்ளமா வரை நான் இந்த அவகாசத்தை நம்பித்தான் படித்தேன். எழுதியவன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்கு முன்பே முகத்துக்கு நேராக முடிவைச் சொல்லிவிடுகிற பரீட்சை ஒன்று உலகத்தில் வந்துவிட்டது என்று தெரிந்திருந்தால், தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கையை நான் தூக்கியிருக்கவே மாட்டேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில், டிராக்டருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை. ஸ்டோர்ஸ் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே போல்ட்டும் நட்டும் நானும் சேர்ந்து வேகிற இடம். எதிரே புதிதாக ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. போட்டு, அதில் ஒரு பெரிய கம்ப்யூட்டரையும் அதோடு கம்பியால் கட்டிய நான்கு சின்னக் கம்ப்யூட்டர்களையும் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒருநாள் மேனேஜர், மைசூர்க்காரர், எல்லோரையும் கூட்டிச் சொன்னார். இதற்கென்று ஒரு சான்றிதழ்ப் பரீட்சை பெங்களூரில் நடக்கிறது, மிகவும் கஷ்டமானது, நம் ஆட்களில் ஒருவர் பாஸ் செய்தால் அவரே இந்த அறைக்குப் பொறுப்பாளர், இல்லையென்றால் பெங்களூரிலிருந்து ரெடிமேடாக ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நான் கையைத் தூக்கினேன். கம்ப்யூட்டர் மேல் இருந்த ஆர்வத்தால் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஏ.சி.தான் காரணம்.

இந்த விஷயம் என் மனைவி வசந்தாவுக்குத் தெரிந்த அன்றைக்கே அவளுடைய ஊரான ஊத்தங்கரைக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்டோர்ஸ் என்றால் மளிகைக் கடையா என்று கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார், மாப்பிள்ளை ஏ.சி. ரூமில் உட்காரப்போகிறார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போய் அறிவித்துவிட்டார். இனிமேல் நான் பாஸ் செய்வது ஒன்றுதான் பாக்கி.

பாடப்புத்தகம் பெங்களூரில் ஜெராக்ஸ் எடுத்துப் பைண்டு செய்தது. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் கனம். (வைத்துப் படுத்திருக்கிறேன்.) எனக்கு மூன்று மாதம் கிடைத்தது. முதல் மாதம் புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டேன். இரண்டாவது மாதம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பேனா வாங்கி முதல் அத்தியாயத்தில் எல்லா வரிகளுக்கும் அடியில் கோடு போட்டேன். மூன்றாவது மாதம் ஒரு கால அட்டவணை தயாரித்தேன். அதன்படி, ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் வருகிற இரண்டு நாள் விடுமுறையில் ஆளில்லாத அந்த அறையில் உட்கார்ந்து, புத்தகத்தின் மிச்சத்தைப் படித்து, கம்ப்யூட்டரில் செய்து பார்த்துவிடுவது. மிச்சம் என்றால் முக்கால்வாசி. விஜயதசமிக்கு மறுநாள் காலையில் பரீட்சை.

இந்தத் திட்டத்தில் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆள் முனிரத்தினம் அண்ணன்.

லேத் பிரிவில் சீனியர். யூனியனில் செயலாளர், பூஜைக் கமிட்டிக்குத் தலைவர். வீட்டில் தெலுங்கு பேசி, கன்னடத்தில் கிண்டலடித்து, தமிழில் சண்டை போடுகிறவர். ரெடிமேட் ஆள் வரக்கூடாது, நம்ம ஸ்டோர்ஸ் தம்பிதான் அந்த அறையில் உட்காரவேண்டும் என்று என்னைவிட அவர்தான் தீவிரமாக இருந்தார்.

ஆயுத பூஜை அன்று காலை கம்பெனி முழுக்க வாழைக்கன்று, கலர் காகிதத் தோரணம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அண்ணன், கண்ணாடி அறை வாசலில் நின்றார்.

"லேத்துக்கு வெச்சோம், டிரில்லிங்குக்கு வெச்சோம். இதுக்கு மட்டும் வெக்கலன்னா அது என்னா நெனைக்கும்?"

அது எதுவும் நினைக்காது என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மொத்தக் கம்பெனியும் வரிசையில் வந்து பெரிய கம்ப்யூட்டருக்கு ஆளுக்கொரு பொட்டு வைத்தது. சாமந்தி மாலை போட்டார்கள். அண்ணன் என் புத்தகத்தையும் கேட்டு வாங்கி மாலைக்குள் சொருகி வைத்தார். கற்பூரம் அணைந்ததும் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் பூசணிக்காய் சுற்றினார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சொக்கிப்போய் நின்றேன் என்றுதான் சொல்லவேண்டும். பூசணிக்காயை உடைக்கும் வேடிக்கையைப் பார்த்துவிட்டு, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது. பூஜை போட்ட அறையின் சாவி கம்பெனி திறக்கிறவரை கமிட்டித் தலைவரிடம்தான் இருக்கும், அது வழக்கம் என்றார் வாட்ச்மேன். தலைவர் எங்கே என்றேன். நாட்றாம்பாளையத்தில் அவர் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார் என்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிரவுன் அட்டை போட்ட என் புத்தகம் மாலைக்குள் இருந்து என்னைப் பார்த்தது.

விஜயதசமி காலையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பஸ் மாறி மாறி மலைமேல் போய் இறங்கினேன். அண்ணன் லுங்கியோடு கேழ்வரகுக் காட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ஆசீர்வாதம் வாங்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். இரண்டாவது உருண்டைக்கு அப்புறம்தான் எனக்குச் சாவியைப் பற்றிப் பேச வாய் வந்தது.

"அண்ணா, படிக்கவே இல்லண்ணா. புத்தகம் உள்ள இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. பத்தரமா இருக்கு."

"நாளைக்குப் பரீட்சைண்ணா."

"அதனாலதான் சொல்றேன். அத்தன பேரும் ஒனக்காவக் கும்புட்டு வெச்சிருக்கோம். நடுவுல போயி எடுத்தா யாரு கும்புட்டதும் நிக்காது. போன வருசம் டிரில்லிங்ல ஒருத்தன் அவசரம்னு மெஷின ஆன் பண்ணான், தெரியுமில்ல?"

தெரியும். டிரில் உடைந்து அவன் சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு போனது.

"நீ பயப்படாத. நானே கூட வரேன்," என்றார். பயம் அப்போதுதான் அதிகமானது. ஒரு பை நிறைய அவரைக்காயோடு ஊர் திரும்பினேன். வசந்தா பையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பாடங்க இருக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் சொன்னபடி அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அறையைத் திறந்து எடுத்துவந்த என் புத்தகம். பஸ்ஸில் திறந்தேன். தீபத்துக்கு விட்ட நெய் எப்படியோ பக்கங்களுக்குள் இறங்கி, ஐந்தாம் அத்தியாயம் முதல் கடைசி வரை ஒரே பலகையாக ஒட்டியிருந்தது. பிரித்த பக்கங்களில் இரண்டு புறத்து எழுத்தும் ஒரேசமயத்தில் தெரிந்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது ஒரு பத்தி புரிந்ததுபோல் இருந்தது. வண்டி கிளம்பியதும் அதுவும் போய்விட்டது.

பரீட்சை மையத்தில் ஒரு அம்மாள் இருந்தார். பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்னார். பேனா, பர்ஸ், சீப்பு வைத்தேன். பிறகு அண்ணன் கொடுத்திருந்த குங்குமப் பொட்டலம், பூஜையில் வைத்த எலுமிச்சம்பழம், ஒரு பிடி பொரி. அந்த அம்மாள் பொரியை வெகுநேரம் பார்த்தார். காப்பி அடிப்பதில் இது எந்த முறை என்று அவருக்குப் புரியவில்லை.

உள்ளே உட்கார்ந்தேன். முதல் கேள்வி, ஒட்டிக்கொண்ட பகுதியிலிருந்து. இரண்டாவது, அதற்கும் அடுத்த பகுதியிலிருந்து. சரி, தெரிந்தமாதிரி ஒரு பதிலைத் தேர்ந்தெடுப்போம் என்று மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி மேலும் கீழும் போனதே தவிரப் பக்கவாட்டில் அசையவில்லை. எங்கள் கம்பெனியில் எல்லாம் கீபோர்டுதான். மவுஸ் இப்படித்தான் இருக்கும்போல, இதுவும் பரீட்சையில் ஒரு பகுதிபோல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் கேவலம். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தேன். சாய்த்து ஓட்டினேன். கொஞ்சம் எழுந்து நின்றும் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற அண்ணன், நான் பலமாக வேலை செய்கிறேன் என்று நினைத்துக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

பாதி நேரம் போன பிறகு அந்த அம்மாளே வந்தார். மவுஸைத் திருப்பி, அடியிலிருந்த உருண்டையை எடுத்து, உள்ளே நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அங்கேயும் ஆயுத பூஜை கொண்டாடியிருந்தார்கள்.

அதற்கப்புறம் அம்புக்குறி பறந்தது. நானும் பறந்தேன். கேள்வியைப் படித்தால் நேரமாகும் என்பதால் பதில்களை மட்டும் படித்து, எது பார்க்க நல்லவிதமாக இருந்ததோ அதை அழுத்தினேன். கடைசிப் பொத்தானைத் தட்டிய மறு நொடி, இரண்டு மாத அவகாசம் எதுவும் இல்லாமல், திரையில் இரண்டு கோடுகள் வந்தன. மேலே நீளமாக ஒன்று, வாங்கவேண்டிய மார்க். கீழே குட்டையாக ஒன்று, நான்.

அந்த அம்மாள் அதையே காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார். நல்ல தரமான காகிதம். வெளியே வந்தேன். அண்ணனிடம் என்ன சொல்வது, மேனேஜரிடம் என்ன சொல்வது, ஊத்தங்கரை டீக்கடைக்கு யார் போய்ச் சொல்வது என்று எதுவும் ஓடவில்லை. சேலத்து மாமாவின் முகம் மட்டும் கண்ணில் வந்து போனது. காகிதத்தை நீட்டினேன்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் கோடு வரும். சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். (லேத் ஆட்கள் கல்யாணத்துக்கும் அதோடுதான் போவார்கள்.) மேல் கோட்டை அளந்தார். கீழ்க் கோட்டை அளந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அளந்தார்.

"ஃபெயில்ணா," என்றேன்.

"எவன் சொன்னான்? நாலு எம்.எம். கம்மி, அவ்வளவுதான். இது ரிஜெக்ட் இல்ல தம்பி. ரீவொர்க்."

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். அளவு கூடிப்போன ஷாஃப்டைத் திரும்ப லேத்தில் ஏற்றிச் சீவிச் சரிசெய்யலாம், அதற்குப் பெயர்தான் ரீவொர்க். குறைந்துபோனதை ஒன்றும் செய்யமுடியாது, சிவப்பு பெயிண்ட் அடித்து ஸ்கிராப்பில் போடவேண்டியதுதான். இது ஸ்டோர்ஸில் இருந்த எனக்கே தெரியும். இருபது வருஷமாக லேத் ஓட்டியவருக்குத் தெரியாதா? முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிவிட்டு, ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு, பசிக்குது வா என்று மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

நான் கம்பெனிக்குள் நுழைவதற்கு முன்பே அவர் எல்லாப் பிரிவுக்கும் தகவல் சொல்லிவிட்டார். யாரும் ஃபெயில் என்ற வார்த்தையைப் பயன்படுத்தவில்லை. கேண்டீனில் டீ ஊற்றுகிறவர்கூட, "ரீவொர்க்காமே? ஆயிடும்," என்றார். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணனும் யூனியன் சார்பில் கூடவே வந்தார். மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் மெஷினில் நின்றவர். குறைந்த அளவுக்கு ரீவொர்க் எப்படி என்று கேட்க வாயெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துவிட்டார். "ரீவொர்க்குக்கு இங்க ஒரு சான்ஸ்தான்," என்றார்.

அடுத்த பரீட்சைக்கு வசந்தாதான் தேதி குறித்தாள். எந்த விசேஷமும் இல்லாத நாளாகத் தேடிக் காலண்டரைக் கிழிக்காத குறைதான். தினமும் வேலை முடிந்ததும் அண்ணன் என்னைக் கண்ணாடி அறைக்குள் விட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்த முறை கீழ்க் கோடு மேல் கோட்டை ஒரு மயிரிழை தாண்டியது. அண்ணன் அளந்து பார்த்து, "லேசா ஓவர் சைஸு. பரவால்ல, தட்டினா உக்காந்துக்கும்," என்றார். உட்கார்ந்துகொண்டேன். ஓய்வு பெறும்வரை அந்த ஏ.சி.யில்தான் இருந்தேன்.

அந்த வார்த்தை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ரசம் புளித்தால் ரீவொர்க். மகள் கணக்கில் வாங்கிய மார்க் ரீவொர்க். மகன் தானே வெட்டிக்கொண்ட முடி ரீவொர்க். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்து அம்மாள், பேச்சோடு பேச்சாக, உங்க வீட்டுக்காரர் எப்படி, தங்கமான மனுஷன்தானே என்று வசந்தாவிடம் கேட்டார். வசந்தா என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அளவு கொஞ்சம் கம்மிதாங்க. கல்யாணமான நாள்லருந்து ரீவொர்க்லதான் இருக்கார்," என்றாள்.