நாற்பது சட்டைக்கும் இடக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முழங்கால், உன் மனைவி, உன் தையல் கூடம் மூன்றும் தகராறு இல்லாமல் ஓட வேண்டிக்கொள்கிறேன். உன் கல்யாணத்தில் எனக்கு மட்டும் கால் ஆடுகிற நாற்காலி போட்டதை நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும், சொல்ல வந்தது வேறே.

என் மருமகள் கேன்சரை ஜெயிச்சு, தலைமுடி விரல் நீளம் வளர்ந்து, டாக்டரே வேலைக்குப் போம்மான்னு சொல்லி, உன் கூடத்துக்குத் திரும்பி வந்து பதினேழு நாள் ஆச்சு. பதினெட்டு வருஷம் துணி வெட்டின கை அது, அதுல கத்திரியைக் குடுக்காம பொத்தான் பிரிக்க உக்கார வச்சிருக்கீங்க. எழுந்தா நாலு பேர் ஓடி வர்றாங்களாம், முதுகுக்குத் தலகாணி வைக்கிறாங்களாம், ஜூஸ் நீட்டுறாங்களாம். பத்து வருஷமா யாரைப் பார்த்தும் சிரிக்காத உன் சூப்பர்வைசர் இவளைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறாராம். இவ வீட்டுக்கு வந்து, "அத்தை, டாக்டர் என்கிட்ட மறைச்சதை அவர்கிட்ட சொல்லிட்டாரோ"ன்னு கேக்குறா.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இவ இடத்துல நிக்கிற புது ஆள், துணியை அத்தனை அடுக்கும் ஒரே முகமா விரிச்சுட்டார். ஒண்ணு மேல பார்த்து, அடுத்தது கீழ பார்த்து விரிச்சாத்தானே சட்டைக்கு ரெண்டு கையும் ஜோடியா வரும்? இவ சொல்லலாம்னு எழுந்தா, நீங்க அலட்டிக்காதீங்கம்மான்னு உக்கார வச்சுட்டாங்க. சாயங்காலம் பார்த்தா நாப்பது சட்டை, எண்பது கை, எண்பதும் இடக்கை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ, சிரிப்போடவே அழுதுட்டா. "என்னை இன்னும் நோயாளியாவே வச்சிருக்காங்க அத்தை. இப்படியே போனா நானே வேலையை விட்டு நின்னுடுவேன்"னா.

அதனால கேளு. அவளுக்கு கேன்சர் மருந்தால விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கு, ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையால துணி உருளையைத் தூக்கக் கூடாது. உருளையை வேற யாராவது தூக்கட்டும். ஒரு மாசத்துக்கு மதியம் வரைக்கும் வேலை, டாக்டரைப் பார்க்கிற நாள் லீவு. மத்தபடி கத்திரி அவ கையில, தப்பு பண்ணினா திட்டு. என்ன முடியும், எவ்வளவு முடியும்னு அவளையே கேளுங்க. அவளை விட்டுட்டு ஊர்ல இருக்கிற எல்லாரும் முடிவு பண்ணினா எப்படி?

உன் மனைவிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு இப்போதைக்குப் பாதி ஆசீர்வாதம்தான்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பி.கு.: ஒண்ணு எழுத மறந்துட்டேன். அவ வேலைக்குக் கிளம்பின அன்னிக்கே சூப்பர்வைசருக்கு போன் போட்டு, கத்திரியைக் கண்ணுல காட்டாதீங்க, எழுந்திருக்க விடாதீங்க, முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கோங்கன்னு சொன்னது நான்தான். பயமா இருந்துச்சுடா. அவரைத் திட்டாதே. நாளைக்கு நானே பேசி மாத்திச் சொல்லிடுறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவளுக்கும் என்னை மாதிரியே ஞாபக சக்தி.