மலையில் விட்டு வந்த கொடிக்கம்பம் பற்றி

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் உடையப்பன் அவர்களுக்கு,

ஈப்போவிலிருந்து சன்னாசி எழுதுவது. நானும் உங்கள் தங்கை விமலாவும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. கம்பத்தை மலையிலேயே விட்டுவிட்டோம் என்று நான் சொன்னதும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். பிறகு எடுக்கவும் இல்லை. இனி எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஓர் ஆணிகூடத் தரமாட்டேன் என்று விமலாவிடம் சொன்னதாக அறிந்தேன். ஆகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். முதலில் வெற்றிச் செய்தி: போன பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

குழுத் தலைவி தினேஸ்வரியை உங்களுக்குத் தெரியும். தாப்பா ஊர்ப் பள்ளியில் ஆசிரியை, மலையேற்றப் பயிற்சி பெற்றவள். விடிந்ததும் ஏறி, மத்தியான இடிக்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்பது அவள் வைத்த விதி. அதன்படி இருட்டு விலகும் முன்பே எல்லோரும் அடிவாரத்தில் கூடிவிட்டோம். ஆனால் தேசிய தினத்துக்கு உச்சியில் கொடி ஏற்றுவதற்காக பத்து காஜா ஊரில் உள்ள உங்கள் பட்டறையில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பத்தை, தேங்காய் உடைத்து வழியனுப்ப நீங்களே வருவதாகச் சொன்னதால் காத்திருந்தோம். நீங்கள் வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. உங்கள் உரை சிறப்பாக இருந்தது. நீளமாகவும் இருந்தது. கம்பத்தில் உங்கள் பெயர், பட்டறை முகவரி, போன் நம்பர் மூன்றும் செதுக்கியிருப்பதை ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றீர்கள். எல்லோரும் வரிசையில் நின்று தொட்டார்கள். தினேஸ்வரி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் பக்தி என்று நினைத்துப் பாராட்டினீர்கள்.

கம்பத்தைச் சுமந்தவன் பவித்ரன். வளைவில் அவன் திரும்பும்போதெல்லாம் பின்னால் வருபவர்கள் குனிய வேண்டியிருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மொட்டையான மேட்டில் தனியாக ஒரு பெரிய மரம் நிற்கிறது. அங்கே நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பரப்பினேன். நீங்கள் கேட்ட படத்துக்காகப் பவித்ரன் கம்பத்தை நிமிர்த்தினான். அப்போதுதான் தூரத்தில் வானம் உறுமியது. தினேஸ்வரி உடனே எல்லோரையும் இறங்கச் சொன்னாள். உச்சி கண்ணெதிரே இருப்பதால், மழை வந்தாலும் அது விடும்வரை மரத்தடியிலேயே சாப்பிட்டபடி இருக்கலாம் என்று அனுபவசாலி என்ற முறையில் நான் ஓர் ஆலோசனை சொன்னேன். அது ஏற்கப்படவில்லை. பவித்ரனோ கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தான்.

“உடையப்பன் அங்கிள் பேரு போட்டிருக்கு லா. விட்டுட்டுப் போனா ஏசுவாரு.”

“கம்பத்துல அவரு பேரு இருக்கு,” என்றாள் தினேஸ்வரி. “இங்கயே நின்னீன்னா கல்லுல உன் பேரு வரும். போடு கீழ.”

அவன் விரல்களைப் பிரித்துக் கம்பத்தைப் புல்லில் கிடத்தியவன் நான்தான், மச்சான். அதை மறைக்கவில்லை. கொடியை மட்டும் அவன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். பிள்ளைகள் பயத்தில் கைகோத்துக்கொண்டு சாமி கும்பிட ஆரம்பித்தார்கள். அவள் அதையும் பிரித்துவிட்டாள். “தள்ளித் தள்ளி நடங்க. ஒருத்தர் மேல இடி விழுந்தா மத்தவங்க ஓடி வந்து நெஞ்ச அமுக்கணும். எல்லார் மேலயும் சேர்ந்து விழுந்தா யாரு அமுக்குறது?” அதற்குப் பிறகு யாரும் யாரையும் ஒட்டவில்லை. ஒரு வேர் தடுக்கி நான் விழுந்தபோதுகூட அவரவர் இடைவெளியை விடாமல்தான் விசாரித்தார்கள். முழங்கால் கதை அதுதான். அடிவாரத்தில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை இறங்கக்கூடாது என்றாள். எனக்குச் சிறுநீர் முட்டியது, வயதைச் சொல்லிக் கேட்டேன், அனுமதி கிடைக்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது மேட்டில் வெள்ளையாக மின்னல் ஒரு வெட்டு வெட்டியது பாருங்கள், பஸ் கண்ணாடியே அதிர்ந்தது. நாங்கள் இருந்த அதே இடம். விழுந்தது கம்பத்தில்தான் என்றேன் நான். எஃகு இழுக்காமல் வேறெது இழுக்கும்? ஆக, மச்சான், உங்கள் கம்பம் வீணாகவில்லை. பதினெட்டு உயிருக்கு வர வேண்டியதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உருகிப்போயிருக்கிறது. செய்து கொடுத்த உங்களுக்கும், விடச்செய்த எனக்கும் அடுத்த கூட்டத்தில் பொன்னாடை போடுவதென்று செயலவையில் நானே முன்மொழிந்து முடித்துவிட்டேன். கோபத்தை விட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் பட்டறையில் நெருப்பும் வேலையும் அணையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
சன்னாசி

பி.கு.: உறையை ஒட்டும் முன் தினேஸ்வரி வந்து ஒரு படம் காட்டினாள். நேற்று ஏறிய வேறொரு குழு கம்பத்தைக் கண்டெடுத்து, அதிலுள்ள முகவரியைப் பார்த்து உங்கள் பட்டறைக்கே கொண்டு வருகிறதாம். கிடத்திய இடத்திலேயே கிடந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை. இரண்டாகப் பிளந்து கிடப்பது அந்த மரம்தான். நாசி லெமாக் பரப்பிய இடமெல்லாம் கரி. பொன்னாடையை அவளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். நீங்களும் வாருங்கள் மச்சான், இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவோம். உரை வேண்டாம்.