என் மெட்டைத் திருடிய மச்சான்

பொறாமைக்குக் குளிர் ஒத்துக்காது என்று நினைத்திருந்தேன். மலேசியாவின் கேமரன் மலையில் அது முட்டைக்கோஸ் மாதிரி கொழுத்து வளரும் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

அப்போது பிரிஞ்சாங் மண்டபத்தில் மேடையேற்ற, சொந்தமாக ஓர் இசை நாடகம் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒன்பது பாட்டு, ஒன்பதும் புதுசு. பிழைப்புக்குக் கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டம். பூச்சிமருந்துப் பெட்டி அட்டையில் வரி எழுதுவேன், தண்ணீர்க் குழாயில் தாளம் தட்டுவேன். சோற்றுத் தட்டையும் விடவில்லை. (மனைவி சரசு பிளாஸ்டிக் தட்டுக்கு மாறிவிட்டாள்.)

எட்டுப் பாட்டுக்கு நானே மெட்டுப் போட்டேன். முதல் பாட்டை மட்டும், போனால் போகிறது என்று, சரசுவின் தம்பி குணாவிடம் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவன், புல்லாங்குழல் ஊதுவான். என் பெருந்தன்மைதான் வினையானது. கோரஸ் பெண்களிலிருந்து டீக்கடை வரை எல்லார் வாயிலும் அவன் மெட்டு. என்னுடையதை முணுமுணுக்க ஒரு ஈ, காக்கா இல்லை.

“தம்பி மெட்டு என்னமா ஒட்டிக்குதுங்க!” என்றாள் சரசு.

“சளிகூடத்தான் ஒட்டிக்கும்.”

ஒருநாள் ஒத்திகையில், அதுவரை காதில் வாங்காத அவன் மெட்டை உற்றுக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. என் கடைசிப் பாட்டின் பல்லவி! யாருக்கும் காட்டாமல் கைப்பேசியில் பூட்டி வைத்திருந்தது. ஒரு விடியற்காலை, அரைத்தூக்கத்தில், கடவுளே என் காதில் ஊதிய மெட்டு. நாடகத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. ஊர் கொண்டாடுவது அவன் மெட்டை இல்லை, என் மெட்டை!

மறுநாள் முப்பது பேர் முன்னால் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து என் பாட்டைப் போட்டேன்.

“நல்லா கேளுங்க! இந்தத் திருட்டுப்பய ஊதுறது என் மெட்டு!”

குணா என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“மாமா, நெசமாவே தெரியலையா?”

“என்னடா தெரியணும்?”

அந்த நேரம் பார்த்து, நாற்காலி ஏற்றி வந்த முட்டைக்கோஸ் லோரி வாசலில் ரிவர்ஸ் எடுத்தது. அதன் பின்பக்க ஹாரனிலிருந்து என் கடவுள் கணீரென்று பாடினார். அதே பல்லவி. சுருதி சுத்தம்.

“அதுதான்லா மாமா! தெனம் விடியக்காலையில உங்க வீட்டுப் பக்கத்துல கோஸ் ஏத்த வர்ற லோரி. எங்க லயத்துப் பக்கமும் வரும். நம்ம ஊரு இந்தச் சத்தத்துலதானே முழிக்குதுன்னு வேணும்னேதான் வெச்சேன். அதான் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பாடுறாங்க.”

மலையே கண்டுபிடித்திருக்கிறது, ஒரே ஒரு இசையமைப்பாளரைத் தவிர.

நாடகம் அவன் மெட்டில் தொடங்கி, வேறு வழியில்லாமல், அவன் மெட்டிலேயே முடிந்தது. கீபோர்டில் நான். கைதட்டல் அவனுக்கு. (இன்னும் வயிறு எரிகிறது.)

இப்போதும் விடிந்தும் விடியாமல் லோரிச் சத்தம் கேட்டால், சரசு அடுப்படியிலிருந்து கத்துவாள்:

“ஏங்க, ஓடியாங்க! உங்க பாட்டைத் திருடிக்கிட்டு ஒருத்தன் ரிவர்ஸ்லயே வர்றான்!”