நாடகத்தை நிறுத்தச் சொல்லி இறந்துபோனவள் எழுதுவது

ஓசூர்,
18-6-1957

வானொலி நாடகப் பகுதி அமைப்பாளர் அவர்களுக்கு,

பெண்கள் பள்ளி ஆசிரியை மாரம்மா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும், தங்கள் பகுதியில் குரல் கொடுக்கும் கலைஞர்களும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக அவர்களுடைய தொண்டை நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கீழே விளக்குகிறேன்.

அடுத்த மாதம் ஒலிபரப்புவதாகத் தாங்கள் அறிவித்திருக்கும் ‘வெளிவாசல்’ என்ற என் நாடகத்தை, அதாவது ஒரு பெண் தன் மதக் கூட்டத்தை விட்டு வெளியேறும் கதையை, தயவுசெய்து நிறுத்திவிட வேண்டும். எழுதியவளே வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதால் தங்களுக்குத் தடை எதுவும் இராது. இனி எந்தக் காலத்திலும் இதை ஒலிபரப்பும்படி கேட்க மாட்டேன்.

ஐயா, இதுவரை உள்ளதைத்தான் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வெங்கடசாமி வாசலில் நின்று உரக்கப் படித்துக் காட்டினார். கேட்க வேண்டியவர்கள் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இனி வருவது அவர்கள் கேளாதது. வெறுமே நிறுத்துங்கள் என்றால் இந்தப் பெண்பிள்ளைக்குப் புத்தி நிலையில்லை என்று நினைப்பீர்கள். காரணத்தைச் சொன்னாலும் அப்படித்தான் நினைப்பீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் இறந்து இருபத்துநாலு வருஷமாகிறது. நாடகத்தில் இதை எழுதவில்லை, யாரும் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். அஞ்செட்டிக்கு அப்பால் நாட்றாம்பாளையம் போகும் வழியில் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் கூட்டத்தை ஊரார் வெள்ளைக் கூட்டம் என்பார்கள். கரையில்லாத வெள்ளைத் துணி. பாட்டு கிடையாது, மருந்து கிடையாது, முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது, திங்கட்கிழமை உப்பு கிடையாது. தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா வேலையை உதறிவிட்டு எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது நான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். இரண்டு வருஷம் உப்பில்லாத திங்கட்கிழமைகளைத் தின்று பார்த்துவிட்டு, பத்தொன்பது வயதில் இறங்கி வந்து, பழைய தலைமையாசிரியையின் தயவால் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தேன். விட்டுப் போனவர்களைக் கூட்டத்தார் திட்டமாட்டார்கள், தேடமாட்டார்கள், அடக்கம் செய்துவிடுவார்கள். என் உயரத்துக்கு ஒரு வாழைமரத்தை வெட்டி, என் சேலையைச் சுற்றி, குழி தோண்டிப் புதைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் படையலும் உண்டு, பாகற்காய்க் குழம்பு என்று கேள்வி. நான் பிறந்தது முதல் பாகற்காயை வாயில் வைத்தவள் இல்லை. என்ன செய்வது, செத்தவளைக் கேட்டுக்கொண்டா சமைப்பார்கள்?

அதன்பிறகு கூட்டத்தார் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பார்ப்பதில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது அல்ல. இல்லாத ஆளைக் கண்டு முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் என்ன? போன வருஷம் தேன்கனிக்கோட்டைச் சந்தையில் ஒரு வெள்ளைத் துணிக்காரர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார். கடைக்காரி பொறுக்காமல், “ஐயா, அந்தம்மா காலு!” என்றாள். “எந்தம்மா?” என்றார் அவர். பொய்யாகக் கேட்கவில்லை, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் கால் கழுவும்போது கன்றிப்போயிருந்த கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து பல வருஷம் இல்லை, இல்லை என்றே நடத்தினால், படித்தவளாக இருந்தாலும் நடுநடுவே சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் தங்கள் நிகழ்ச்சிப் பத்திரிகையில் என் பெயரும், அதன்கீழ் ஊரும், பட்டமும் அச்சாகி வந்தது. முதலில் எங்கள் தலைமையாசிரியை கூப்பிட்டு, கதையை வேறு தேசத்தில் நடப்பதாக மாற்றக் கூடாதா, பனி பெய்கிற இடமாக இருந்தால் யாருக்கும் மனவருத்தம் வராதே என்றார். அடுத்து வெங்கடசாமி, “டீச்சரம்மா, உங்க நாடகம் நல்லாத்தான் இருக்கும், ஆனா கல்லு வந்து விழறது என் ஓட்டு மேலல்ல?” என்று கூரையை அண்ணாந்து பார்த்தபடியே இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் கல் வரவில்லை, என் தம்பி கங்கப்பன் வந்தான். நான் புறப்பட்டபோது அவனுக்கு ஒன்பது வயசு. இப்போது மீசை, தொப்பை, என் அப்பாவின் நடை எல்லாம் இருந்தது. கூட்டத்துப் பெரியவர் ராமப்பன் காவலுக்குக் கூடவே வந்திருந்தார், இவன் வாய் தவறி என்னிடம் பேசிவிட்டால் இவனும் செத்தவர் கணக்கு. அதுதான் சட்டம்.

இருவரும் வாசலில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். எங்கள் மூவருக்கும் நடுவில் வெங்கடசாமி வீட்டுக் கருப்புக் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான்.

“ஏ கோழி, கேட்டுக்க. இந்த ஊட்டுல ஒருத்தி இருந்தாளாம். ரேடியோவுல எங்க கூட்டத்தைப் பத்தி என்னமோ உடப்போறாளாம். அதை நிறுத்தச் சொல்லு.”

“முடியாது” என்றேன்.

ராமப்பன் தம்பியைப் பார்த்து, “கோழி என்னப்பா சொல்லுது?” என்றார்.

“முடியாதுங்குது.”

“திமிர் புடிச்ச கோழி.”

சிரிப்பை அடக்க நான் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மலையிலிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்தவன், உதடு வெடித்திருந்தது. ஆனால் செத்தவள் கைத்தண்ணீர் ஆகாது. அவன் சொம்பைப் பார்த்தான், ராமப்பனைப் பார்த்தான். அதற்குள் கோழி வந்து சொம்புக்குள் மூக்கை விட்டது. ராமப்பன் நன்றாக யோசித்து, “இப்ப அது கோழித் தண்ணி. கோழி உசுரோடதான இருக்குது? குடி” என்று தீர்ப்புச் சொன்னார். தம்பி மடமடவென்று குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்னதில் பால் குடிக்கும்போதும் அப்படித்தான், நடுவில் மூச்சே விடமாட்டான்.

குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, “அக்—” என்றான். ராமப்பன் இருமினார். அவன் சட்டென்று கோழிப் பக்கம் திரும்பி, “பக் பக், இங்க வா” என்று சமாளித்தான். அதன்பிறகு குரலைத் தாழ்த்தி, கோழியிடம்தான், சொன்னான்: “அம்மா கெம்பம்மாவுக்குப் பங்குனியில இருந்து காய்ச்சல். இருமுனா ரத்தம். கஞ்சி எறங்கல. ஆடி தாண்டாதுங்கறாங்க. நாடகத்தை நிறுத்துனா, வேலிக்கு வெளிய நின்னு ஒருக்கா பாத்துட்டுப் போவலாம். செத்தவங்க வந்து பாக்கறது உண்டு, தப்பில்ல. பேசக் கூடாது.”

“மருந்து?” என்றேன்.

கோழிக்கு மருந்து என்ற சொல் தெரியாது போலிருக்கிறது, மறுபடி கிளறப் போய்விட்டது.

ஐயா, தாங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். வெளியேறுவதைப் பற்றி நாடகம் எழுதியவள், ஒரு கோழியின் மூலம் மிரட்டினால் பணிந்துவிடுவதா என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நாடகத்தை நான்கு வருஷமாக எழுதினேன். சொல்லாமல் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறேன். மலைமேல் இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியாவது சந்தைக்கு வந்த இடத்தில் பூங்கா ரேடியோ பக்கம் ஒதுங்கி நின்று கேட்பாள் என்ற எண்ணம்தான் எழுதவே வைத்தது. ஆனால் எனக்கு நாற்பத்துமூன்று வயசு ஆகிறது, அம்மாவின் முகம் எனக்கு மறந்துவிட்டது. இதை வாத்தியாரம்மா சொல்லக்கூடாது, ஆனா மறந்துதான் போச்சு. காது தெரியுது, காதுல இருந்த ஓட்டை தெரியுது, கழட்டிக் கொடுத்த தோட்டோட தடம். முகம் வரமாட்டேங்குது. நாடகம் இல்லாம நான் இருந்துடுவேன். அந்த முகம் இல்லாம சாகறதுக்கு, நெசமாவே சாகறதுக்கு, எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே முதலில் பார்ப்பேன், அதன்பிறகே தபாலில் சேர்ப்பேன் என்று கோழியிடம் பேரம் பேசி முடித்தேன். நாளைக் காலை அஞ்செட்டிக்குப் பஸ். அங்கிருந்து தம்பி வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான், யாரிடம் என்று தங்களுக்குத் தெரியும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நீண்ட ஆயுளும், உயிரோடு இருக்கும்போதே உயிரோடிருப்பதாக ஒப்புக்கொள்ளும் உறவினர்களும் வாய்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாரம்மா

பின்குறிப்பு (22-6-1957): மேலே எழுதியது எல்லாம் ரத்து. நாடகத்தை நிறுத்த வேண்டாம்.

சொன்னபடி வேலிக்கு வெளியே நின்றேன். அம்மாவை மாட்டுக்கொட்டகை ஓரம் பாயில் போட்டிருந்தார்கள். தம்பி, ராமப்பன், இன்னும் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. அம்மாதான் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “மாரி, ஏன்டி இப்படி எளச்சுட்ட? சோறு தின்னியா?” என்றாள்.

ராமப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி பக்கத்திலிருந்த முருங்கை மரத்திடம், “இங்க ஒரு கிழவி இருந்தா. போய்ச் சேந்துட்டா. பாயை எடுக்கச் சொல்லு” என்றான். குரல் உடையவில்லை. செத்தவர்களைத் தூக்கலாம், பேசத்தான் கூடாது. ஆகவே அவனே தூக்கிக்கொண்டுவந்து வண்டியில் கிடத்தினான். வைக்கோலை மட்டும் நிறையப் போட்டிருந்தான். நாங்கள் இறங்கும்போது பின்னால் யாரோ வாழைமரம் வெட்டும் சத்தம் கேட்டது.

இப்போது இந்த வீட்டில் செத்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம். டாக்டர் வந்து பார்த்தார். நுரையீரல் இரண்டும் போய்விட்டது, மூன்று மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். நாள் சொல்லவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: குறித்த தேதிக்கு முன்னதாக ஒலிபரப்ப ஏதாவது வழி உண்டா? வெங்கடசாமி தன் மருமகன் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஓடுகளைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றும் சொன்னார்.

ஒரு திருத்தமும் உண்டு. மூன்றாம் காட்சியில், மகள் புறப்படும்போது தாய் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன். கேட்பவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நானாகச் சேர்த்தது. நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டவள் அந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

“நான் எங்கடி அழுதேன்? உள்ள ராகி அரைச்சுக்கிட்டிருந்தேன். நீ வாசல்ல நின்னு அம்மா, அம்மான்னு கூப்புட்ட. கல்லை நிறுத்துனா எந்திரிச்சு வரணுமேன்னு நிறுத்தாம சுத்துனேன். அழுதேன்னு போட்டா கேக்கறவங்க என்னை நல்லவன்னு நெனச்சுக்குவாங்க. நடந்ததைப் போடச் சொல்லு.”

ஆகவே ஐயா, தாயின் அழுகையை அடித்துவிடுங்கள். அவளுக்கு அந்தக் காட்சியில் பேச்சே வேண்டாம். மகள் கூப்பிடும் வரிகள் அப்படியே இருக்கட்டும். அவள் கூப்பிட்டு முடித்த பிறகும், தங்களால் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம், ராகி அரைக்கிற கல் சுற்றும் சத்தத்தை மட்டும் வையுங்கள்.