முக்கால் ஆள்

"…புஸ்தகம் முக்காலுன்னு சொல்லட்டுமுங்கய்யா. நான் சொல்ல மாட்டேனுங்க!"

வாய்மொழித் தேர்வெடுக்க வந்த வெளியூர்ப் பேராசிரியரின் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னவனை எங்கள் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அப்ளைடு' என்றால்தான் தெரியும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனையோ பேர். அதை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் அவன்தான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பொருளாதாரத் துறையில் அட்டெண்டர். மணி அடிக்க வேண்டும், சாக்பீஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும், மீதி நேரம் வகுப்பு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். கேட்டுக் கேட்டே பாதிப் பாடம் எனக்கும் மனப்பாடம். ஆனால் எனக்கு அது காதோடு நின்றுவிட்டது. அவனுக்குக் கைகால் வரைக்கும் இறங்கிவிட்டது.

"பாடத்தை வெறுமனே படிச்சு என்னுங்கண்ணா பண்றது? அப்ளை பண்ணோணும்!" என்பான்.

ஹாஸ்டலில் பூரி போடுகிற நாளில் அவன் பக்கத்தில் உட்காரவே பையன்கள் பயப்படுவார்கள். ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப அனுபவித்தால் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்று ஒரு விதி இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொள்வான்.

"ஏண்டா, மொதப் பூரியில இருந்த ருசி இந்தப் பூரியில இருக்குதா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"இல்லதான்."

"அப்பறம் எதுக்கு அதைத் திங்கறே?" என்று எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வான்.

"நீ மட்டும் வவுறு முட்டத் தின்னுட்டு மறுபடியும் திங்கறியே!"

"உன்ற தட்டுல எடுத்ததுல இதுதாண்டா எனக்கு மொதப் பூரி!"

வேலைப் பகிர்வு என்ற பாடம் நடந்த வாரத்தில் ஹாஸ்டல் குளியலையே மாற்றியமைத்தான். ஒருவன் தண்ணீர் இறைக்க வேண்டும், ஒருவன் எல்லோருக்கும் சோப்புப் போட வேண்டும், ஒருவன் முதுகு தேய்க்க வேண்டும். வேலை மளமளவென்று நடந்தது. வரிசையாக அத்தனை பேரும் நுரையோடு கண்ணை மூடி நின்ற நேரத்தில் நான் முதல் மணியை அடித்துவிட்டேன். தண்ணீர் இறைத்தவன், "என்ற வேல நேரம் முடிஞ்சுதுடா" என்று வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு முதல் வகுப்பு முழுக்க லைப்பாய் சோப்பு வாசனை.

இப்படிப்பட்டவன் மற்ற தாள்களையெல்லாம் தாண்டிவிட்டு விவசாயப் பொருளாதாரத்தில் மட்டும் ஒருமுறை கவிழ்ந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு மோகனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டம், கூடவே போர்க் கிணறு போடுகிற ரிக் வண்டி. ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, இந்தவாட்டியாவது தேறுவானுங்களா? இல்லாட்டிச் சொல்லிப்போடுங்க. ரிக்குல ஏத்தி வடக்க அனுப்பிர்றேன். பாறையத் தொளைச்சுப் பொழைக்கட்டும்."

அவர் போனதும் அப்ளைடு என் ஸ்டூல் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். "எனக்கு மேல படிக்கோணுமுங்கண்ணா" என்றான். அவன் விளக்கம் கொடுக்காமல் பேசியது அன்றுதான்.

அந்தத் தாளுக்குக் கள ஆய்வும், அதை வைத்து வாய்மொழித் தேர்வும் உண்டு. புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு தோட்டம் அவனுக்கு வந்தது. டிபன் கேரியரோடு நானும் கூடப் போயிருந்தேன். கட்டுத்தரையில் தோட்டத்துக்காரரின் மனைவி பாவாயக்கா எருமை கறந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அப்ளைடு கேட்டுக் கேட்டு எழுதினான்.

"என்ன கண்ணு எழுதறே?"

"பண்ணையில எத்தனை ஆள் உழைக்கறாங்கன்னு கணக்குங்க்கா. ஆம்பளைன்னா ஒரு ஆளுங்க. பொம்பளைன்னா முக்கால் ஆளுங்க. நீங்க முக்காலுங்க."

வேறு எவனாக இருந்தாலும் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டு வந்திருப்பான். கறந்துகொண்டிருந்த கை நின்றது. எருமையே திரும்பிப் பார்த்தது.

"மீதி எங்க சாமி போச்சு?"

"புஸ்தகத்துல அப்பிடித்தானுங்க இருக்குது."

"எழுதுனது ஆம்பளையா?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன்."

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "உடு புள்ள, முக்கால் போட்டதே பெருசு!"

"நீங்க சித்த சும்மா இருங்க. உங்களுக்கு முழுசு போட்டானே, அதுக்கே இவனப் பெயிலாக்கோணும்!" என்றவர், அவன் பக்கம் திரும்பினார். "நீ எத்தனை ஆளு சாமி?"

"நான் முழு ஆளுங்க்கா."

"அப்ப நாளைக்கு வா. என்ற வேலைய நீ பாரு. முழு ஆளுக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்."

"வாரேனுங்க்கா. அப்ளை பண்ணிப் பாத்தர்றேன்!"

மறுநாள் மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது, முழு ஆள் சோளத்தட்டுக் குவியலில் மல்லாந்து கிடந்தது. சாணி பாதி வழித்தபடி இருந்தது. எருமைக்கான தட்டு பாதி வெட்டியிருந்தது. களையெடுக்கச் சோளக்காடு காத்திருந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். பாவாயக்கா அவன் வாயில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனி முக்காலுன்னு எழுதவே மாட்டேனுங்க்கா."

"அட, எழுதீட்டுப் போ கண்ணு. உங்கப்பாரு ரிக்கு வண்டியோட நிக்கறாருன்னியே. மொதல்ல பாஸாகு. நான் எத்தனை ஆளுன்னு எனக்குத் தெரியும்."

தேர்வன்று நானும் வாசலில் அவன் சட்டையைப் பிடித்துச் சொன்னேன். "தம்பி, முக்காலுன்னு சொல்லீட்டு வந்துரு. உங்கப்பா வெளியில நிக்கறாரு."

தலையை ஆட்டிக்கொண்டுதான் உள்ளே போனான். பண்ணையில் பெண் எத்தனை ஆள் என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார். அப்புறம்தான் அந்த "சொல்ல மாட்டேனுங்க!"

வாசலில் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். எங்கள் பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பின்னே எத்தனை ஆளுங்கறே?" என்று கேட்டார் வெளியூர்க்காரர்.

"பாவாயக்கா ஒருத்தருங்க, என்னைய மாதிரி மூணு ஆளுங்கய்யா. செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேனுங்க." மேஜைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். "சரிப்பா, அப்போ எங்க வீட்டம்மா எத்தனை ஆளு?"

"அது நேர்ல பாத்தாத்தானுங்க தெரியும். ஒரு நாளைக்கு அவங்க வேலையப் பூராவும் நீங்க பாருங்க, நான் எழுதிக்கறேன். ஊட்டுக்கு எப்ப வரட்டுமுங்கய்யா?"

"அய்யய்யோ! நீ வீட்டுக்கெல்லாம் வராதே. உனக்குப் பாஸ் போட்டுர்றேன்!" அவர் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது.

வெளியே வந்தவன் அப்பாவிடம், "பாஸுங்கப்பா, வண்டிய நீங்களே ஓட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு புதுச்சத்திரம் பஸ்ஸில் ஏறினான்.

தலையில் சாணிக் கூடையோடு வந்துகொண்டிருந்த பாவாயக்கா எங்களைப் பார்த்து நின்றார். "என்ன சாமி, படிப்பா, ரிக்கா?"

அப்ளைடு கூடையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, தேர்வுக்காகத் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் சாணித் தண்ணீர் ஒழுக ஒழுக, குப்பைக்குழியைப் பார்த்துக் கோணல்மாணலாக நடந்தான்.