சோலாருக்கும் கண்ணூறு

கண்ணூறு கழிக்கும் சூரியானந்த சாமி எங்கள் தோட்டத்துக்கு வருகிறார் என்றதும் தெரணியகலை பஸ்ஸில் கூரைமேல்கூட இடம் கிடைக்கவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமமும் கண்ணூறைத் தன் மொழியில் “எஸ்வஹ, எஸ்வஹ” என்று சொல்லிக்கொண்டு திரண்டு வந்தது. கண்ணூறு விசயத்தில் மட்டும் நமக்குள் மொழிப் பிரச்சினையே இல்லை!

கண்ணூறு பட்டது மனிதருக்கல்ல. எங்கள் லய வீடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இரண்டு சோலார் பேனல்களுக்கு. மாசி வெயில் மண்டையைப் பிளக்க, குழாயோ சொட்டுச் சொட்டாக அழுதது. போன மாதமும் சாமி வந்தார். வீட்டுக்கொரு சேவல் காணிக்கை வாங்கினார், மந்திரம் ஓதினார், ஏழு குடம் தீர்த்தம் ஊற்றிப் புதுத்துணியால் துடைத்தார். குழாய் குதித்துப் பாய்ந்தது. நாலே வாரத்தில் மறுபடி அழுகை. மழைக்காலத்தில் மட்டும் இந்தக் கண்ணூறு லீவில் போய்விடும். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த முறை சாமி கண்ணுக்குச் சொந்தக்காரியையே கண்டுபிடித்துவிட்டார். பேனலுக்கு எதிர்வீட்டு மரியாயி! அவளுடைய ஒரே ஜன்னலை ஆணியடித்து மூடவேண்டுமாம். சுத்தியல் மந்திரத்தைவிட வேகமாக வந்தது. மரியாயி ஜன்னலை மறித்து நின்றாள்.

அவள் தம்பி ஸ்ரான்லி லீவில் வந்திருந்தான். கத்தார் பாலைவனத்தில் ஐந்து வருடம் சோலார் பேனல் கழுவியவன். அங்கே மழை கிடையாது. தூசு படிந்தால் கரண்ட் படுத்துவிடும். நமக்கோ மேலே கல்குவாரி. லொறி ஒன்று போனால் நாமும் பாலைவனம்தான். பேனலில் விரலை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“சாமி, ஒரு பேனலுக்கு நீங்க மந்திரம் மட்டும் சொல்லுங்க, தண்ணி படக்கூடாது. மத்ததுக்கு நான் தண்ணி மட்டும் ஊத்துறேன். அக்கா ஜன்னல்ல நின்னு என்னோடதையே மொறச்சிப் பாக்கட்டும்.”

கூட்டத்துக்கு முன்னால் சாமியால் மறுக்க முடியவில்லை. அவர் ஓதிய ஓதலில் அட்டைகள்கூடக் காட்டைக் காலிசெய்தன. மந்திரம் முணுமுணுத்தான் என்று பழி வராதிருக்க, ஸ்ரான்லி வாய்நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, துணியால் துடைத்துக் கழுவினான். மரியாயி கண்ணில் நீர் வடிய முறைத்தாள்.

பிறகு ஒவ்வொரு பேனலாக இணைத்துப் பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டார்கள். மந்திரப் பேனல் தந்தது அரை வாளி. கழுவிய பேனலில் இரண்டு வாளி நிரம்பி வழிந்தது.

“இந்தம்மா கண்ணு இன்னைக்கு நல்ல கண்ணா இருக்கு” என்றார் சாமி.

“அப்ப மாசாமாசம் நானே பாத்துக்கிறேன். நீங்க கெளம்புங்க” என்றாள் மரியாயி.

சாமி கிளம்பினார். கூட்டம் கிளம்பவில்லை. “கத்தார் சாமி” என்று ஸ்ரான்லியின் காலில் விழுந்து, அந்த ஈரத்துணியைப் பிரசாதமாகக் கேட்டது.

வெற்றிலையைத் துப்பிவிட்டு அவன் சொன்னான்: “துணி உங்க வீட்டுலயும் இருக்கு. பேனலைத் தொடச்ச பொறகு, மண்டைக்குள்ளயும் ஒருக்கா தொடச்சிப் பாருங்க.”