எவரிஸ்தோ ஊதிக் கொடுத்த ஆக்சிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். அர்ஜென்டினாவில், ஆண்டீஸ் மலையடியிலுள்ள அந்தக் கிளைடர் கிளப்பில் மாதா கோயிலைவிடக் கூட்டம். எல்லாம் ஊரார் மரியாதையாகத் 'தோன்' என்று அழைக்கும் எவரிஸ்தோவைப் பார்க்கத்தான். கழுகு இறகால் தடவி, மூன்று தரம் ஊதி, அவர் விற்கும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால், எவ்வளவு உயரம் பறந்தாலும் ரத்தத்தில் பிராணவாயு தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்காதாம். ஆக்சிஜன் சிலிண்டரா? அது கோழைகளுக்காம். படித்த பல் வைத்தியர்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

எஞ்சின் இல்லாத கிளைடர்களைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடும் விமானத்தை ஓட்டுகிறவள் கிரிசெல்டா. முந்தின நாள் அவள் தம்பி நசரேனோ ஆறாயிரம் மீட்டரிலிருந்து இறங்கியபோது உதடெல்லாம் நீலம். கேட்டதற்கெல்லாம் சிரித்தான். தன் கிளைடரின் மூடியைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். இன்று இன்னும் மேலே போகப் போகிறானாம், சிலிண்டர் இல்லாமல்!

"செத்துத் தொலைவேடா. சிலிண்டரை எடுத்து வை."

"மீட்டர் தொண்ணூத்தெட்டு காட்டுச்சுக்கா! உன்னோடதுதான் குளிர்ல வெறும் கோடு போடுது. பயந்தாங்கொள்ளி மீட்டர்."

"விரல் விறைச்சா ரத்தம் ஓடாது. அதான் தெரியலைங்குது. சூடு பண்ணிட்டு மாட்டுனா சொல்லும்."

"தோன் எவரிஸ்தோவோடது எப்பவும் சொல்லுமே!"

"அதாண்டா சந்தேகம்."

அவன் விரலிலிருந்து மீட்டரைப் பிடுங்கினாள். சமையலறைக்குப் போய், புகைபோட்டு வைத்திருந்த ஏரி மீன் ஒன்றைத் தட்டோடு தூக்கி வந்து, கூட்டத்தின் நடுவே அதன் வாலில் மாட்டினாள்.

தொண்ணூற்றெட்டு! நாடி எழுபத்திரண்டு. பாதிக் கூட்டத்தைவிட மீன் ஆரோக்கியம்.

தன் மீட்டரை மாட்டினாள். வெறும் கோடு.

எவரிஸ்தோவுக்கு வியர்த்தது. "மீனுக்கும் ஆன்மா உண்டு மகளே. என் மூச்சு பட்டதால..."

அந்த நிலையிலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்!

"அப்ப எழுந்து நீந்தச் சொல்லுங்க, ஏரியில விடுறேன்."

பல் வைத்தியர் தம் மீட்டரைக் கழற்றி ரொட்டியில் மாட்டினார். ரொட்டிக்கும் தொண்ணூற்றெட்டு. சிரிப்பு அடங்குவதற்குள் எவரிஸ்தோவின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது.

நசரேனோ போய்ச் சிலிண்டரைத் தூக்கி வந்தான்.

"மீட்டர்ல அடிக்கிற நாடியும் உன் மணிக்கட்டுல துடிக்கிற நாடியும் ஒண்ணான்னு பாரு. அப்புறம் நம்பு," என்றாள் அக்காள்.

ஆக்சிமீட்டர் ரத்தத்தில் பிராணவாயு இருக்கிறதா என்றுதான் சொல்லும். மண்டையில் மூளை இருக்கிறதா என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐயா!